அலோயிஸ் அல்சைமர்: பித்தின் சுவட்டை மூளையிற் கண்ட மருத்துவர்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியின் மேற்புறத்தே, யான் சிறுபராயத்தில் வாழ்ந்த தோட்டத்தில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் இருந்தார். விடியுமுன் எழுந்து, கம்பளிச் சட்டை மாட்டித் தலைப்பாகை கட்டிக்கொண்டு பிரட்டுக்களத்துக்குப் போவார். பனிமூட்டத்துள் எவருமில்லாத அக்களத்தில் நின்று ஆட்பெயர் கூப்பிடுவார். அவர் கூப்பிட்ட பெயர்களிற் பாதி இறந்துபோனவர்களுடையவை. சிறுவராகிய நாங்கள் தேயிலைச் செடிகளுக்கிடையே ஒளிந்திருந்து அப்பெயர்களுக்குப் பதிற்குரல் கொடுத்துச் சிரிப்போம்.

முனி அறைந்துவிட்டதென்றனர் பெரியவர்கள். கோடங்கி வந்தார், உடுக்கு ஒலித்தது, சேவல் ஒன்று பலியாயிற்று. பின்னர் அம்முதியவர் தம் மருமகளை நகை திருடியவள் என்று லயம் முழுவதும் கேட்கத் தூற்றத் தொடங்கினார். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் வாழும் லயத்திலே அத்தகைய பழி எவ்வளவு விரைவிற் பரவும் என்பதைத் தோட்டத்திற் பிறந்தவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றப் பெண்கள் தண்ணீர் எடுத்துச் சென்ற பின்னரே அப்பெண் குடத்தோடு குழாயடிக்குப் போவாள். முதியவரின் மூளைக்குள் யாது நிகழ்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படியொரு கேள்வி உண்டென்று அறிந்தவரும் அங்கில்லை.

அக்கேள்வியைக் கேட்டு, அதற்கு விடையை மூளையின் சதையிலேயே தேடிய ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் பெயர் இன்று ஒரு நோயின் பெயராய் உலகெங்கும் வழங்குகின்றது. பெயரை நோய் எடுத்துக்கொண்டமையால் மனிதர் மறைந்துபோனார்.

பித்து என்னும் சொல்லைத் தமிழர் பித்தத்தோடு சேர்த்தே எண்ணினர். உடற்கூறு ஒன்றிலே கேடு நேர அறிவு பிறழும் என்னும் கருத்து அச்சொல்லின் வேரிலேயே கிடக்கின்றது. சித்த மருத்துவரும் உளநோய்களைக் கிரிகை எனப் பெயரிட்டு மருந்து வகுத்தனர். சொல்லில் உடலை வைத்திருந்த நாம் நடைமுறையிற் பேயைப் பிடித்துக்கொண்டோம். இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. பித்தரைச் சங்கிலியிற் பிணித்த வழக்கம் ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இருந்ததே.

அலோயிஸ் அல்சைமர் 1864 ஆம் ஆண்டு யூன் 14 ஆந் திகதி, ஜெர்மனியின் பவேரியா நாட்டில், மைன் ஆற்றங்கரையிலுள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நொத்தாரிசு, கத்தோலிக்கக் குடும்பம். பெர்லின், தூபிங்கன், வூர்ட்ஸ்பேர்க் ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். மாணவப் பருவத்தில் வாட்போர் ஆடி இடக்கன்னத்தில் வடு ஏற்றார். அது அக்கால ஜெர்மன் மாணவர்க்கு ஒரு பெருமை. 1887 இல் அவர் பட்டத்துக்காக எழுதிய ஆய்வு காதிற் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது. பொருள் அற்பமாகத் தோன்றலாம். நுணுக்குக்காட்டியின்முன் பொறுமையோடு அமரும் பழக்கத்தை அதுவே அவர்க்கு அளித்தது.

1888 டிசெம்பரில் பிராங்க்பர்ட் நகரத்து உளநோய் மருத்துவமனையிற் சேர்ந்தார். அம்மனையை எழுப்பியவர் ஹைன்றிக் ஹொஃப்மன் என்னும் மருத்துவர். சிறுவர்க்கான படப்பாட்டு நூலொன்றினால் ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு அறியப்பட்டவர். அல்சைமர் சேர்ந்த காலை அதன் தலைவராயிருந்தவர் எமில் சியோலி. நோயாளரைக் கட்டிவைத்தலை இயன்றவரை ஒழிக்கவேண்டுமென்பது சியோலியின் கொள்கை. கட்டுக்கும் பூட்டுக்கும் ஈடாக நீண்ட வெந்நீர்க் குளியலையும் இடையறாக் கண்காணிப்பையும் கைக்கொண்டனர்.

அடுத்த ஆண்டு பிரான்ஸ் நிசில் என்பவர் அங்கு வந்து சேர்ந்தார். நரம்புக்கலங்களைச் சாயமிட்டுத் தெளிவாகக் காணும் முறையை மாணவராயிருந்தபோதே கண்டறிந்தவர் இவர். இவருடைய ஆசிரியரான குட்டன் என்பாரே பவேரியாவின் மன்னன் இரண்டாம் லூட்விக்கைச் சித்தம் பிறழ்ந்தவன் எனச் சான்றளித்தவர். 1886 இல் மன்னனும் மருத்துவரும் ஒரே மாலையில் ஏரியொன்றில் இறந்து கிடந்தனர். அது தனிக்கதை. நிசிலும் அல்சைமரும் பகலில் நோயாளரைப் பார்த்தனர். இரவில் இறந்தோரின் மூளைத் துண்டங்களைப் பார்த்தனர். உயிரோடிருந்த காலத்தில் ஒருவரிடம் கண்ட குறிகளையும், இறந்தபின் அவர் மூளையிற் கண்ட மாற்றங்களையும் ஏட்டின் இரு பக்கங்கள்போற் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதே அவ்விருவரின் நோக்கம். இன்று எளிதாய்த் தோன்றும் இந்நோக்கம் அன்று பலருக்கு வீண்வேலையாகவே பட்டது.

1894 இற் செசிலி என்னும் கைம்பெண்ணை மணந்தார். அம்மையார் செல்வர். அச்செல்வமே பிற்காலத்தில் அவர் ஊதியமின்றி ஆய்வு நடத்தத் துணையாயிற்று. மக்கள் மூவர். 1901 இன் தொடக்கத்தில் அம்மையார் இறந்தார். குழந்தைகளை வளர்க்க அல்சைமரின் தங்கை வந்தார். அவரோ முன்னிலும் மிகுதியாக மருத்துவமனையிலேயே தங்கலானார்.

அவ்வாண்டு நவெம்பர் மாதத்தில், ஐம்பத்தொரு வயதினளாகிய அகுஸ்ட டீட்டர் என்னும் பெண்ணைக் கணவன் அம்மனைக்கு அழைத்துவந்தான். அவன் புகையிரதக் கந்தோரில் எழுதுவினைஞன். ஆண்டு பலவாக ஒழுங்காகக் குடும்பம் நடத்திய மனைவி, திடீரெனக் கணவன் அயல்வீட்டுப் பெண்ணோடு தொடர்புள்ளவன் என்று குற்றஞ்சாட்டத் தொடங்கினாள். சமையலைக் கெடுத்தாள். பொருள்களை ஒளித்துவைத்தாள், ஒளித்த இடத்தை மறந்தாள். எவரோ தன்னைக் கொல்ல வருவதாய் அஞ்சினாள்.

அல்சைமர் அவள் அருகிருந்து கேட்ட கேள்விகளையும் அவள் அளித்த விடைகளையும் தம் கையால் எழுதிவைத்தார். பெயரைக் கேட்டார், சொன்னாள். கணவன் பெயரைக் கேட்டார். தன் பெயரையே திரும்பச் சொன்னாள். பன்றி இறைச்சியும் பூக்கோவாவும் உண்டுகொண்டிருந்தவளிடம் என்ன உண்கிறாய் என வினவ, கீரை என்றாள். திறப்பு, பென்சில், சுருட்டு முதலியவற்றைக் காட்டினார். பெயர்களைச் சரியாகவே சொன்னாள். சிறிது பொழுது கழித்துக் கேட்டபோது எதைக் கண்டோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. பெயரை எழுதச் சொன்னார். திருமதி என்னும் சொல்லை எழுதியதும் நின்றுவிட்டாள்; அடுத்து எழுதவேண்டியது நழுவிப்போயிற்று. தன்னைத் தானே தொலைத்துவிட்டதாகப் பலகாலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுபது எண்பது வயதிற் புத்தி தளர்வதை உலகம் அறியும். ஐம்பத்தொரு வயதில் இஃதென்ன? அல்சைமரை ஈர்த்த கேள்வி இதுவே. மருத்துவமனைச் செலவு அவள் கணவனால் தாங்கக்கூடியதன்று. மலிவான வேறோரிடத்துக்கு அவளை மாற்றுமாறு பன்முறை வேண்டினான். மாற்றாதிருக்க அல்சைமர் இடைநின்றார். அதில் இரக்கமும் இருந்தது. ஆய்வின் ஆவலும் இருந்தது. இரண்டையும் மறையாது சொல்லுதலே அவர்க்குச் செய்யும் நீதி என்பேன்.

1903 இல் எமில் கிரெப்பெலின் என்னும் பேரறிஞர் அழைக்க, அல்சைமர் பிராங்க்பர்ட்டை விட்டுச் சென்றார். முதலில் ஹைடல்பேர்க், அவ்வாண்டிலேயே மியூனிக். உளநோய்களை அவற்றின் போக்கையும் முடிவையும் கொண்டு வகைப்படுத்தியவர் கிரெப்பெலின். மியூனிக்கில் அல்சைமர் அமைத்த ஆய்வுக்கூடத்துக்குப் பல நாடுகளிலிருந்தும் மாணவர் வந்தனர். பின்னாளில் மின்னதிர்ச்சிச் சிகிச்சையைக் கண்ட இத்தாலியராகிய செர்லெற்றி, நடுக்குவாத நோயாளரின் மூளையிற் காணும் துகள்களுக்குத் தம் பெயரைத் தந்த லெவி, லைபீரியாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய கறுப்பின மருத்துவராகிய ஃபுல்லர் ஆகியோர் அவருட் சிலர். ஆசிரியர் வாயிற் சுருட்டு எப்போதும் புகையும். மாணவனின் அருகமர்ந்து அவனது நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பார்த்து விளக்குவார். சுருட்டை மேசையில் வைத்து மறந்து எழுவார். மாலையானதும் மேசைதோறும் ஒரு சுருட்டுத்துண்டு கிடக்குமாம். மறதிநோயை ஆராய்ந்தவர்க்கு இம்மறதி அணியாகவே அமைந்தது.

1904 இல் அவர் வெளியிட்ட பெருநூல் பொதுப் பக்கவாதம் என்னும் நோயைப் பற்றியது. அக்காலத்து உளநோய் மனைகளை நிறைத்த நோய் அது. தம்மைப் பேரரசர் என்றும் கோடிசுவரர் என்றும் எண்ணிக் களித்து, ஈற்றில் உடலும் அறிவும் ஒருங்கே சிதைந்து இறப்பர். அவர்தம் மூளையிலே அந்நோய்க்கே உரிய மாற்றங்கள் உளவென்பதை அல்சைமர் ஐயந்திரிபறக் காட்டினார். 1913 இல் நொகுச்சி என்னும் ஜப்பானியர் அம்மூளைகளில் மேகநோய்க் கிருமியையே கண்டெடுத்தார். 1917 இல் வியன்னாவில் வாக்னர் யவுரெக் என்பார் அந்நோயாளர்க்கு வேண்டுமென்றே மலேரியாக் காய்ச்சலை ஊட்டிச் சிலரைக் குணப்படுத்தி, அதற்காக 1927 இல் நோபல் பரிசும் பெற்றார். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பல்லாயிரவரைக் கொன்ற அக்காய்ச்சல் வேறோரிடத்தில் மருந்தாயிருந்தது விந்தையே. பென்சிலின் வந்தபின் அந்நோய் உளநோய் மனைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. பித்து என்றிருந்ததன் ஒரு பெரும் பகுதி தொற்றுநோயெனத் தெளிவாகித் தீர்ந்தது.

1906 ஏப்ரிலில் அகுஸ்ட இறந்தாள். படுக்கைப் புண்ணிலிருந்து இரத்தத்தில் நஞ்சேறி இறந்தாளென்பர். ஊர் விட்டுப் போனபின்னும் அல்சைமர் அவளை மறக்கவில்லை. அவளுடைய பதிவேடும் மூளையும் மியூனிக்குக்கு வருவிக்கப்பட்டன. மூளை முழுவதும் சுருங்கியிருந்தது. வெள்ளியுப்புச் சாயமூட்டிப் பார்த்தபோது, நரம்புக்கலங்களுக்குள்ளே மெல்லிழைகள் தடித்து முறுகிச் சிக்குண்ட நூற்கற்றைபோற் கிடந்தன. சிலவிடங்களிற் கலம் முற்றாக அழிந்து சிக்கு மட்டும் எஞ்சியிருந்தது. புறணியின் நரம்புக்கலங்களில் நாலிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்குவரை இக்கேடு அடைந்திருந்தது. அன்றியும், புறணியெங்கும் அயற்பொருள் ஒன்று புள்ளிபுள்ளியாகப் படிந்திருந்தது. அப்புள்ளிகளுக்குத் தினையை உவமையாக்கிய மருத்துவச் சொல்லையே அவர் வழங்கினார். ஊவாவிற் சேனைக் குரக்கனைக் கண்டவர்க்கு அவ்வுவமை உடனே விளங்கும்; கண்ணுக்குப் புலப்படாத குரக்கன் மணிகள் மூளையெங்கும் விதைக்கப்பட்டிருந்தன எனக் கொள்க.

அவ்வாண்டு நவெம்பர் 3 ஆந் திகதி தூபிங்கன் நகரில் மருத்துவர் மாநாடொன்றில் இதனை எடுத்துரைத்தார். உரை முடிந்தது. சபையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த பொருளுக்குச் சபை சென்றுவிட்டது. மறு ஆண்டு வெளிவந்த கட்டுரையும் சில பக்கங்களே. 1910 இற் கிரெப்பெலின் தம் பாடநூலின் எட்டாம் பதிப்பில் அல்சைமர் நோய் என்னும் பெயரைச் சேர்த்தார், பெயர் நின்றுவிட்டது. பிராக் நகரத்து ஒஸ்கர் பிஷர் என்பாரும் அதே 1907 இல் இத்தகைய புள்ளிகளைப் பன்னிரண்டு முதியோரின் மூளைகளிற் கண்டு எழுதியிருந்தார். உலகம் அவரை நினைக்கவில்லை. அல்சைமரோ இது தனிநோயா, அன்றி முதுமைத் தளர்ச்சியே முந்தி வந்ததா என்று 1911 இலும் ஐயுற்று எழுதினார். தம் பெயர் சூட்டப்பட்ட நோய் உண்டோ என்று தாமே வினவியவரை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அவர் தோற்ற இடத்தையும் சொல்லவேண்டும். இளமையிலே தாக்கி, இல்லாத குரல்களைக் கேட்பித்து, எண்ணத்தைச் சிதறடிக்கும் உளப்பிளவு நோயிலும் இத்தகைய தெளிவான சுவட்டைக் காணலாமென அவர் நெடுநாள் தேடினார். சில மாற்றங்களைக் கண்டதாக எழுதினார். அவை பிறர் ஒப்புக்கொள்ளும்படி நிலைபெறவில்லை. அவர்க்குப் பின்வந்தோரும் அரை நூற்றாண்டுக்கு மேல் தேடிச் சலித்தனர். மூளையிற் குறை காணாதபோது, குறை தாயின் வளர்ப்பிலே என்று சொல்லிய மருத்துவரும் இருந்தனர். முனியை நீக்கிய இடத்தில் அவர்கள் தாயைக் குற்றவாளியாக வைத்தார்கள். இரண்டுள் எது கொடிது என்று தெரியவில்லை.

1976 இல் இலண்டனருகே நோர்த்விக் பார்க் மருத்துவமனையில் ஜோன்ஸ்டன், குரோ முதலியோர், அக்காலத்தே புதிதாய் வந்த கணினிக் கதிர்ப்படத்தின் துணையால், நாட்பட்ட உளப்பிளவு நோயாளரின் மூளையுள்ளே நீர் நிறைந்த அறைகள் ஒத்த வயதினரினும் அகன்றிருத்தலைக் கண்டனர். 2016 இல் பல நாட்டறிஞர் சேர்ந்து 2,028 நோயாளரின் படங்களை நோயற்ற 2,540 பேரின் படங்களோடு ஒப்பிட்டனர். நினைவுக்கு வாயிலாகிய, கடற்குதிரை வடிவான ஹிப்போகம்பஸ் என்னும் பகுதி நோயாளரிடம் சராசரியிற் சிறுத்திருந்தது. பக்க அறைகள் பெருத்திருந்தன. சராசரியில் என்பதை அழுத்திப் படிக்க. நோயுற்றோர் பலரின் மூளை நோயற்றார் மூளையின் அளவுக்குள்ளேயே அடங்கும். நெடுநாள் உண்ட மருந்துக்கும் அவ்வேற்றுமையிற் பங்குண்டு. படமொன்றைப் பார்த்து இவர் உளப்பிளவினர் எனச் சொல்லவல்ல மருத்துவர் இன்றும் எங்கும் இலர். அகுஸ்டவின் மூளையிற் கண்டது போன்ற கண்கூடான சிக்கு அங்கில்லை. கட்டடம் இடியாமல் வாசல்களின் அளவு சற்றே மாறியது போன்ற வேறுபாடே உண்டு.

மூளையிலே குறை உண்டென்று அறிந்துவிட்டால் இரக்கம் தானே வரும் என்று எண்ணவும் இடமில்லை. அல்சைமர் வாழ்ந்த அந்நாட்டிலேயே 1940, 1941 ஆம் ஆண்டுகளில் ஆட்சியாளர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட உளநோயாளரையும் ஊனமுற்றோரையும் நச்சுப்புகையிட்டுக் கொன்றனர். கொல்லப்பட்டோர் சிலரின் மூளைகள் ஆய்வாளரின் கண்ணாடித் தகடுகளில் ஏறின.

நம் பகுதியைச் சிறிது நினைத்துப் பார்க்கின்றேன். புகையிரதம் 1924 இற் பதுளையை வந்தடைந்தது. அங்கொடை உளநோய் வைத்தியசாலை 1926 இல் திறக்கப்பெற்றது. அதன்பின் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையிலும் எவரேனும் சித்தம் கலங்கினால், கை பிணித்து இரவுப் புகையிரதத்தில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோவர். அங்கொடைக்குப் போனவர் என்னும் சொல் ஒரு குடும்பத்துப் பெண்களின் திருமணத்தையே தடுத்தது. ஆதலால் பலர் கொண்டுபோகாமலே லயத்தின் பின்னறையிற் பூட்டிவைத்தனர். இன்று பதுளைப் பெரியாசுபத்திரியிலேயே உளநோய்ப் பிரிவு உண்டு. பின்னறைகளும் இன்னும் ஒழிந்தபாடில்லை.

1912 இல் பிரெஸ்லோ பல்கலைக்கழகம் அல்சைமரைப் பேராசிரியராக அழைத்தது. அந்நகர் இன்று போலந்து நாட்டிலுள்ளது. பணியேற்கப் போகும் வழியிலே நோயுற்றார். அது இதயத்தைப் பற்றியது. அதன்பின் உடல் தேறவேயில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1915 டிசெம்பர் 19 ஆந் திகதி இறந்தார். வயது ஐம்பத்தொன்று. அகுஸ்ட மருத்துவமனைக்கு வந்தபோது அவளுக்கிருந்த வயதும் அதுவே. பிராங்க்பர்ட்டில் மனைவியின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தனர்.

அகுஸ்டவின் பதிவேடு எண்பது ஆண்டுகளுக்கு மேல் எவர் கண்ணிலும் படாமற் கிடந்தது. 1995 டிசெம்பரில் பிராங்க்பர்ட் மருத்துவமனையின் பழஞ்சுவடி அறையில் நீலநிற அட்டை ஒன்றுக்குள் அது கண்டெடுக்கப்பட்டது. முப்பத்திரண்டு தாள்கள். அல்சைமரின் கேள்விகளும் அவள் விடைகளும், அவள் எழுதி முடியாத தன் பெயரும் அவற்றில் இருந்தன. பின்னர் மியூனிக்கில் அவள் மூளைத்துண்டங்கள் ஏற்றிய கண்ணாடித் தகடுகளும் அகப்பட்டன. அவர் வரைந்த சிக்குகள் அத்தகடுகளில் அப்படியே தெரிந்தன.

எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை எந்த மருத்துவரும் சோதித்ததில்லை; அவர் மூளையை எவரும் பார்த்ததுமில்லை. ஆயினும் அகுஸ்டவின் கதையைப் படித்த நாள்தொட்டு அவர் நினைவு என்னை விட்டு அகலவில்லை. அவருடைய மருமகள் இன்று தாமே முதுமை எய்தி அதே லயத்தில் வாழ்கின்றார். சென்ற தைப்பொங்கலன்று அவரைக் காணச் சென்றபோது, இந்நோயைப் பற்றியும், நோயுற்றோர் வீட்டாரையே திருடர் என்று சொல்லும் வழக்கம் பற்றியும் கூறினேன். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர், மாமனார் தம்மைத் திருடி என்றது அந்நோயினாலாக இருக்குமோ என்று கேட்டார். இருக்கக்கூடும் என்றேன். அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.